கையைத் தூக்கினால் நிற்கும் பஸ்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காவலர் தேர்வுக்கு இந்த ஒருமுறை மட்டும் மேல் வயது வரம்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தது.
2. என் மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி, முப்பத்தெட்டு வயதில் விண்ணப்பித்தாள்.
3. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.
4. எழுத்துத் தேர்வில் மதினி தேறிவிட்டாள்.
5. ஓடிப் பழகியபோது, நேராக ஓட முடிகிறது, வளைவில் ஓட முடியவில்லை என்று தெரிந்தது.
6. அதைச் சரிசெய்தோம்.
7. உடல்திறன் தேர்வன்று வேறொன்று தவறியது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷின் நின்றுபோனால், சரிசெய்த பிறகு, என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் மேலே இருப்பதை எழுதினேன். படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் மைதானத்துக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தது இதில் எங்கேயும் இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

மதினிக்கும் அதே மில்தான். ரிங் ஃப்ரேமில் சைடர். ரிங் ஃப்ரேம் என்பது பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கி நூலாக்குகிற நீளமான மெஷின். இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும். சைடர் அந்தச் சந்தில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. இழை அறுந்த இடத்துக்குக் கை தானாகப் போகும், ஒட்டும், கால் அடுத்த அடியை வைத்திருக்கும். சந்து முடிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வருவாள். ஷிஃப்ட் முழுக்க இதுதான். ஒரு ஷிஃப்டில் சைடர் நடக்கிற தூரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போகிற அளவு வந்தது. மதினி இந்த வேலைக்கு வந்து பல வருடமாகிறது. அந்த ஷெட்டை விட்டு வெளியே வராமலே அவள் எத்தனை முறை ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறாள் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. கத்தித்தான் பேச வேண்டும். மதினி வீட்டிலும் அதே சத்தத்தில்தான் பேசுவாள். எங்கள் வீட்டு விஷயம் தெருவுக்குத் தெரிய வேண்டுமென்றால் மதினியிடம் மெதுவாகச் சொன்னால் போதும்.

அறிவிப்பு வந்த அன்று டீ இடைவேளையில் எலக்ட்ரிக்கல் அறை வாசலில் வந்து நின்றாள். தலையெல்லாம் பஞ்சு. கையில் போன்.

"ஏட்டி, இதச் செத்த படி. வயசு கேக்க மாட்டானாம்ல. மெய்தானா?"

அரசு இணையதளத்தைத் திறந்து நானே படித்தேன். இந்த ஆள்சேர்ப்புக்கு மட்டும் மேல் வயது வரம்பு பொருந்தாது; மற்ற எல்லா நிபந்தனைகளும் அப்படியே இருக்கும். இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னேன்.

"மெய்தான் மதினி. இந்தத் தடவ மட்டும்."

"கொறஞ்ச வயசு எம்புட்டு?"

"பதினெட்டு."

"அது எனக்கு ஆயிட்டு," என்றாள் மதினி. அறைக்குள் இருந்த இரண்டு எலக்ட்ரீசியன்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மதினி பிறந்தது வன்னியம்பட்டி. கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை இந்தத் தேர்வை எழுதித் தேறியிருக்கிறாள். ஓட்டத்துக்கு அழைப்பு வந்தபோது கல்யாணமாகி, வயிற்றில் என் அண்ணன் மகள் இருந்தாள். பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட முடியாது. அடுத்த அறிவிப்பு வந்தபோது வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அறிவிப்பிலும் வயதுக்கான வரியை மட்டும் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடுவாளாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

"எதுக்கு மதினி போலீசு? டீச்சர், நர்சு இப்படி எதுவும் தோணலையா?" என்று கேட்டேன்.

"நான் எட்டாப்பு படிக்கையில ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு பொம்பள போலீசு நின்னாவ. குள்ளமாத்தான் இருப்பாவ. மதுர பஸ் ஒண்ணு வேகமா வந்துச்சு. இவிய ஒரு வார்த்த பேசல. இப்பிடிக் கையத் தூக்குனாவ." மதினி டீ கிளாஸ் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினாள். "அம்புட்டுதான் ஏட்டி. அவ்வளவு பெரிய பஸ்ஸு நின்னுட்டு."

அதுதான் காரணம். வேறு காரணம் ஏதாவது உண்டா என்று பின்னாலும் இரண்டு முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதே பஸ்தான் வரும்.

வீட்டில் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. மதினிதான் சொன்னாள், அடுப்படியில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி.

அம்மா சப்பாத்தி சுடுவதை நிறுத்தினாள். "நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்ல? எம் மருமவ போலீசுக்கு ஓடப் போயிருக்கான்னா?"

"ஆமா அத்த, அப்பிடியே சொல்லுங்க."

"சின்னப் பிள்ளையளோட நின்னு ஓடப் போறியாக்கும்? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரு பாப்பா?"

"அதான் நீங்க இருக்கியள்லா."

அண்ணன் பேண்டேஜ் துணி ஏற்றுகிற லோடு வேன் ஓட்டுகிறான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டான்: "ஏளா, நீ போலீசாயிட்டா எம் வண்டிய மறிப்பியா?"

"ஓவர் லோடு ஏத்திட்டு வருவியள்ல. உங்களுக்குத்தான் மொத கேஸு."

"அப்பொ நான் இப்பமே ஓவர் லோடத் தின்னு தீத்துருதேன்," என்று அண்ணன் சப்பாத்தித் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். மதினி தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். அதிலிருந்து அண்ணன் எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. அம்மாதான் ஜெபிப்பாள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று வரிசையாகச் சொல்லி ஆண்டவரிடம் கேட்பாள். அண்ணனின் வண்டி, பேத்தியின் கணக்கு மார்க், என் கல்யாணம், பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை, எல்லாம் வரும். நானும் அம்மாவைப் போலத்தான், வரிசை விட்டுப்போகாது. அன்றைக்கு மதினிக்காக அம்மா கேட்டது நல்ல சுகம் மட்டும். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாளும் இல்லை. எழுத்துத் தேர்வுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிக்குப் போவதற்கு முந்தின ராத்திரியும் இல்லை. மதினி கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். அம்மா ஆமென் சொல்லிவிடுவாள்.

எழுத்துத் தேர்வை மதினி எப்படிப் படித்தாள் என்பது இன்றைக்கும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. வேலை முடிந்து வந்து, சமைத்து, துணி துவைத்து, அரிசிப் பானையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்பாள். ஆறுகள், அரசியல் சட்டம், திருத்தங்கள் என்று சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். எதிர்வீட்டு அம்மாளுக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. தேர்வு முடிவு வந்தபோது அந்த அம்மாள்தான், "நாங்களும் படிச்சோம்லா" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு மைதானம். நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும். அதில் தேறியவர்களுக்கு நீளம் தாண்டுதலும் பந்து எறிதலும். எதில் தவறினாலும் அங்கேயே வெளியேற்றிவிடுவார்கள். இருபது வயதுப் பெண்ணென்றால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். மதினிக்கு அடுத்தது கிடையாது. வரம்பு நீங்கியிருப்பது இந்த ஒருமுறைதான்.

விடிகாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். முதல் நாள் மதினி நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைக்குப் போவது போல. நைட்டியோடு கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, மறுநாள் அண்ணனின் டிராக் பேண்டைப் போட்டு, அதன்மேல் சுடிதார் டாப்பைப் போட்டுக்கொண்டாள். நான் மில்லிலிருந்து அளவு டேப் வாங்கிவந்து சுண்ணாம்பால் பாதை போட்டேன்.

நேராக ஓடும்போது அவளைப் பார்க்க வேண்டும். உடம்பு மேலும் கீழும் குலுங்காது. சின்னச் சின்ன அடி. தரையைத் தொட்டதும் எடுத்துவிடுகிற கால். மூச்சு வாங்கவே இல்லை. நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வளைவு வந்தது. வளைவில் அவள் வேகத்தைக் குறைத்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், கோட்டை விட்டு வெளியே போய், பிறகு நினைவு வந்தவள் போலத் திரும்பி வந்தாள். அடுத்த வளைவிலும் அப்படியே. நேரம் தாண்டிவிட்டது.

"வளைவுல என்ன மதினி பாக்கிய?"

"எங்க பாத்தேன்? ஓடத்தான செஞ்சேன்."

அவளுக்கே தெரியவில்லை. மறுநாளும் மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் ஒரு சென்சார் பழுதென்று ரிங் ஃப்ரேம் ஷெட்டுக்குப் போனேன். மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மதினியின் கால்கள் சந்தில் வந்தன. சின்னச் சின்ன அடி. சந்து முடிகிற இடத்தில் வேகம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், திரும்பல். பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்த அதே தலைத்திருப்பல்.

இத்தனை வருடம் அந்தக் கால்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: நேராகப் போ, முடியும் இடத்தில் பார், திரும்பு. வளைவு என்ற ஒன்று அவற்றுக்குத் தெரியாது. டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபிட்டர் வந்து, "என்னம்மா, ஷாக் அடிச்சுட்டா?" என்று கேட்டார்.

வன்னியம்பட்டியில் மதினியின் அப்பா வீட்டுக்குப் பின்னால் கதிரடிக்கிற வட்டமான களம் ஒன்று இருக்கிறது. மூலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே அங்கே போனோம். களத்தின் விளிம்பை ஒட்டியே ஓட வேண்டும் என்பதுதான் என் திட்டம். முடிகிற இடம் இல்லாவிட்டால் அவள் எங்கே நின்று பார்ப்பாள்?

முதலில் எல்லா இடத்திலும் பார்த்தாள். பத்தடிக்கு ஒருமுறை தலை திரும்பியது. மதினியின் அப்பா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏ தாயி, சூடடிச்ச மாடு கூட இம்புட்டுச் சுத்தினதில்ல. தலை கிறங்கப் போவுது."

"நீங்க வேணா சுத்துதியளாப்பா?"

"எனக்கு எந்த ஊர்லயும் வயசத் தளத்த மாட்டான் தாயி. நீ சுத்து."

சில ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒருநாள் நான் போனில் நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மதினி உள்பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தாள். பார்வை நேரே. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வட்டம் பழகப் பழக உடம்பே சாய்ந்துகொண்டது. அவள் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார். முப்பத்தெட்டு வயதில் ஒரு உடம்பு, தனக்குத் தெரிந்த ஒரே வழியை மறந்துவிட்டு இன்னொன்றைக் கற்றுக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நீளம் தாண்டுதலைப் பற்றி நாங்கள் கவலையே படவில்லை. அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் ஆற்று மணல் கிடக்கிறது. அங்கே ஓடிவந்து தாவுவாள். கால் எங்கே மேலே எழுந்ததோ அந்தத் தடத்திலிருந்து விழுந்த இடம் வரை அண்ணன் டேப்பைப் பிடிப்பான். மூன்று மீட்டர் வேண்டும். அவள் எப்போதும் அதைத் தாண்டி விழுந்தாள். "கங்காருவக் கட்டிட்டேனே," என்பான் அண்ணன். தாவுவதற்கு எங்களிடம் பலகை கிடையாது. அது ஒரு குறையாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி ஜெபத்தில் அம்மா வழக்கம்போல எல்லோரையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள். ஆமென் சொல்லப் போனவள் நிறுத்தினாள். பிறகு, "ஆண்டவரே, அவ கால்களுக்குப் பெலன் கொடும்," என்றாள். மதினி கண்ணைத் திறந்துவிட்டாள். நானும் திறந்திருந்ததால்தான் அது எனக்குத் தெரியும்.

தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில். காலையில் அண்ணன் லோடு வேனில் எங்களை இறக்கிவிட்டு, துணி ஏற்றப் போய்விட்டான். வாசலில் ஒரு பெண் காவலர் ஹால் டிக்கெட்டைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

"கூட வந்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்க. அம்மா, நீங்க ஓரமா வாங்க. பாப்பா, நீ உள்ள போ."

நான் உள்ளே போகவில்லை. மதினி ஓரமாகப் போகவில்லை.

"மேடம், இவதான் தொணைக்கு வந்தவ. ஓடப்போறது நான்," என்றாள் மதினி. வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் காவலர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். "போங்க," என்றவர், ஒரு நொடி கழித்து, "போங்கக்கா," என்றார். "எங்க அக்காவுக்கும் உங்க வயசுதான். அப்ளிகேஷன் போடுன்னேன். சிரிச்சுட்டா."

கம்பிவேலிக்கு வெளியே அப்பாக்களும் அம்மாக்களும் நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம், "உங்க தங்கச்சியாம்மா?" என்றார்.

"மதினி. அந்தா, கொண்ட போட்டிருக்காவள்ல, அவிய."

"அந்த அம்மாவா?" அவர் எட்டிப் பார்த்தார். "அவிய நடத்த வந்த டீச்சர்னுல்ல நெனச்சேன்."

உயரம் அளக்கும்போது கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தும் உயரம் போதுமாயிருந்தது. பிறகு ஓட்டம். ஒரு தொகுதியில் மதினியையும் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் இருபது வயதுப் பெண்கள், குதிகால் தரையில் படாமல் துள்ளிக்கொண்டு. மதினி மட்டும் அசையாமல் நின்றாள். ஷிஃப்ட் தொடங்கக் காத்து நிற்கும்போது அப்படித்தான் நிற்பாள்.

விசில் அடித்ததும் அந்தப் பெண்கள் பறந்தார்கள். மதினி பின்னால். முதல் வளைவு வந்தது. நான் அவள் காலைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன். தலை திரும்பவில்லை. உள்ளே சாய்ந்தாள். வெள்ளைக் கோட்டை ஒட்டியே போனாள். வளைவு முடிந்தபோது, பறந்து போனவர்களில் பலர் தளர்ந்திருந்தார்கள், மதினியின் அடி மாறவில்லை. அதே சின்ன அடி. ஒருத்தியைக் கடந்தாள். இன்னொருத்தியைக் கடந்தாள். வேலிக்கு வெளியே ஒரு சத்தம் எழுந்தது. யாரோ ஒருவருடைய அம்மா, "அந்த அக்காவப் பாருங்க, அந்த அக்காவப் பாருங்க," என்றார். அவர் பெண்ணும் அதே தொகுதியில்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஓடி முடித்ததும் தேறியவர்களை ஒரு பக்கம் உட்காரவைத்தார்கள். மதினி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

நீளம் தாண்டுதலுக்கு மூன்று வாய்ப்பு. மதினி ஓடிவந்து தாவினாள். நல்ல தாவல். மணலில் நன்றாகத் தள்ளிப் போய் விழுந்தாள். சிவப்புக் கொடி எழுந்தது.

"கால் பலகையத் தாண்டிருச்சு," என்றார் பக்கத்தில் நின்றவர்.

இரண்டாவது முறையும் அப்படியே. அதே நீளத் தாவல், அதே சிவப்புக் கொடி. அப்போதுதான் எனக்கு ஆற்று மணல் ஞாபகம் வந்தது. தடத்திலிருந்து அளந்தோம். எங்கே வேண்டுமானாலும் கால் எழலாம் என்று பழகியிருந்தாள். அதோடு, சைடருக்குக் காலைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. கண் எப்போதும் இழையில்தான் இருக்கும். பலகை எங்கே வருகிறதென்று அவளால் பார்த்துத் தாவ முடியாது. ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளவும் முடியாது. ஒரு வாய்ப்பு பாக்கி. இங்கிருந்து கத்தினால் அவளுக்குக் கேட்காது. கேட்டாலும் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை.

கேட்டது அவள் குரல்தான். அவ்வளவு பெரிய மைதானத்தைத் தாண்டி, பந்து எறிகிற இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி:

"சார்! பலகைக்கு ரொம்ப முந்தியே தாண்டுனா செல்லுமா?"

அதிகாரி என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பலகையைக் காட்டி, அங்கிருந்துதான் அளப்போம் என்று கையால் சொன்னது தெரிந்தது. வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். முன்னாலேயே தாண்டினால் அந்த நீளம் வீண்தானே.

மதினி பலகை வரை நடந்தாள். அங்கிருந்து பின்னால் ஒரு தப்படி வந்து, குதிகாலால் மண்ணைக் கீறினாள். அந்தக் கீறலைத்தான் தன் பலகையாக வைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. கீறலைத் தாண்டிக் கால் போகத்தான் போகிறது. போனாலும் உண்மையான பலகைக்கு முன்னால்தான் இருக்கும். தவறு வரும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு இடம் விட்டு வைப்பது. எங்கள் தொழிலில் டாலரன்ஸ் என்போம். நான் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கும்போது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, கையிலிருக்கும் நீளத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிற துணிவு அந்தப் பாடத்தில் இல்லை.

ஓடிவந்தாள். கண் எங்கோ தூரத்தில் இருந்தது. கீறலைத் தாண்டித்தான் கால் விழுந்தது. எழுந்தாள். அவள் காற்றில் இருந்த நேரம் மிகக் கொஞ்சம்தான், ஆனால் பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்துக்கொண்டதும், பிறகு விடாததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளைக் கொடி.

டேப்பை இழுத்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்தார். இன்னொருவரும் குனிந்து பார்த்தார்.

"எம்புட்டு சார்?" அதுவும் எங்களுக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை. அவள் வேலிப் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டாள். அதற்குத் தேவையே இல்லை.

"ஏட்டி! தேறிட்டேன்!"

வேலிக்கு வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். யாருக்கு எந்தப் பெண் என்று இல்லாமல் எல்லோரும். பக்கத்தில் நின்றவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதம்மா," என்றார். நான் எதையுமே நினைக்கவில்லை.

பந்து எறிதலைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. எறிந்தாள், வேண்டிய தூரத்துக்கு அப்பால் விழுந்தது.

மதியத்துக்கு மேல் வெளியே வந்தாள். முழங்கால் வரை மணல். வாசலில் நின்ற அந்தப் பெண் காவலர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மதினி முழுவதையும் குடித்துவிட்டுக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். அண்ணனின் வண்டி லோடோடு போயிருந்ததால் பஸ்ஸுக்காக ரோட்டுக்கு வந்தோம். அது நிறுத்தம் இல்லை. ராஜபாளையம் பஸ் ஒன்று தூரத்தில் வந்தது.

மதினி என்னைப் பார்த்தாள். பிறகு ரோட்டோரமாக ஒரு அடி முன்னால் வைத்து, பேசாமல், ஒரு கையை நேராகத் தூக்கினாள்.

பஸ் வேகம் குறையாமல் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. புழுதி முகத்தில் அடித்தது.

"இன்னும் ஆர்டர் வரலல்லா," என்றாள் மதினி. சிரித்துச் சிரித்து ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்து வந்த டவுன் பஸ் நின்றது. நாங்கள் கையைத் தூக்கவில்லை; இறங்க ஆள் இருந்தது.

வீட்டில் அம்மா, "கால் வலிக்கா?" என்று மட்டும் கேட்டாள். வெந்நீர் ஏற்கெனவே காய்ந்திருந்தது.

இப்போதைய நிலை: ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல் மூன்றிலும் மதினி தேறியிருக்கிறாள். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையும் இறுதிப் பட்டியலும் பாக்கி. ராத்திரி ஜெபத்தில் அவள் தேர்வு இப்போது அண்ணனின் வண்டிக்கு முன்னால் வருகிறது. இந்த வாரம் மதினிக்குப் பகல் ஷிஃப்ட்.